குறியும் குற்றமும்

காய்ச்சல் ஒரு நோயன்று, நோயின் குறி. இவ்வுண்மையை நம் வீட்டுப் பாட்டிமார் நன்கறிவர். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுச் சூடு கண்டவுடன், "எங்கே நனைந்தான்? என்ன தின்றான்?" என்றே அவர்கள் கேட்பார்கள். திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரமும், நோயின் மூலத்தை ஆராயாது மருந்து செய்தலாகாது என்னும் ஒழுங்கை வற்புறுத்துகின்றது. உடம்பின் விஷயத்தில் இவ்வொழுங்கை நாம் ஓரளவு பேணுகின்றோம். அதனை அடியோடு மறந்துபோகும் இடம் ஒன்று உண்டு. அது நம் வாசலில் நிற்கும் மோட்டார் வண்டி.

சாரதியின் கண்ணெதிரே உள்ள பலகையில், எஞ்சினின் வடிவாக அமைந்த சிறிய மஞ்சள் விளக்கொன்று இருக்கின்றது. 'செக் எஞ்சின்' விளக்கு என்று அதனைச் சொல்வர். திறப்பைத் திருப்பியதும் அது எரியும். எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் அணையும். ஓட்டத்தின்போது அணைந்திருப்பதே அதன் நல்லொழுக்கம்.

அணைந்திருக்க வேண்டிய அவ்விளக்கு எரியத் தொடங்கினால், இரண்டு வகையாக எரியும். ஒன்று, நின்றெரிதல். மற்றது, ஏறக்குறைய வினாடிக்கு ஒருமுறையாக மின்னி மின்னி எரிதல். விளக்கு ஒன்றே, நிறமும் ஒன்றே. ஆயினும் ஒரே சொல் எடுத்தலோசையாற் பொருள் வேறுபடுவதுபோல, எரியும் முறையாற் பொருள் வேறுபடுகின்றது. நின்றெரியுமாயின், 'எங்கோ ஒரு குறை உண்டு. காலந்தாழ்த்தாது காட்டு' என்பது பொருள். எரிபொருட்டாங்கியின் மூடி இறுகாதிருப்பதுகூடச் சில வண்டிகளில் அதற்குக் காரணமாகலாம். மின்னி எரியுமாயின், 'இப்பொழுதே, இவ்விடத்திலேயே கேடு நிகழ்ந்துகொண்டிருக்கின்றது' என்பது பொருள். இவ்வேறுபாட்டை அறியாத சாரதிகள் பலர். அறியாமைக்கு விலை பெரிது.

எரியாத பெற்றோல் எங்கே போகின்றது?

பெற்றோல் எஞ்சினுள் நிகழ்வது நான்கு படிகள் கொண்ட ஒரு செயல். காற்றும் பெற்றோலும் கலந்து உருளையினுள் வருகின்றன. முசலம் மேலெழுந்து கலவையை நெருக்குகின்றது. முசலம் என்பது உலக்கை. பொருத்தமான சொல்லைத்தான் நம் விஞ்ஞான நூலார் தேர்ந்தார்கள். நெருக்குண்ட கலவையில் பிளக்கின் முனையிலே ஒரு பொறி தோன்றுகின்றது. கலவை எரிந்து முசலத்தைக் கீழே தள்ளுகின்றது. பின்னர் எரிந்த வாயு வெளியேறுகின்றது. நான்கு உருளைகள் கொண்ட எஞ்சினொன்று நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுழலுமாயின், ஒவ்வோர் உருளையிலும் 1,000 முறை, நான்கிலுமாக 4,000 முறை தீ மூளும். வினாடிக்கு ஏறக்குறைய 67 தீ என்க.

பொறிக்கு வேண்டிய மின்னைத் தருவது கொயில். மின்கலத்தின் 12 வோல்ற்றை அது பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்துகின்றது. (குறிலை நெடிலாக்கி இதனைக் 'கோயில்' என்று எழுதிய மாணவன் ஒருவனை நான் அறிவேன்.) அண்மைக்கால வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் தனித்தனிக் கொயில் இருக்கும்.

ஓர் உருளையில் தீ மூளாமற் போவதாக வைத்துக்கொள்வோம். இதனைக் கராச்சுக்காரர் 'மிஸ் அடித்தல்' என்பர். வண்டி குலுங்கும், இழுவை குன்றும். அதனை எவரும் உணர்வர். உணரப்படாத கேடு வேறொன்று. எரியாத பெற்றோலும் ஒட்சிசனும் அப்படியே வெளிக்குழாயினுள் பாய்கின்றன. அங்கே, வண்டியின் அடியிலே, ஒரு பெட்டி இருக்கின்றது. தேனடைபோல நுண்ணிய கண்கள் நிறைந்த மட்பாண்டப் பொருளில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்களை மெல்லெனப் பூசி அதனுள் வைத்திருப்பர். இதுவே ஊக்கிப் பெட்டி. நச்சு வாயுவான காபனோரொட்சைட்டையும், எரியாது எஞ்சிய ஐதரோகாபன்களையும், நைதரசன் ஒட்சைட்டுக்களையும் அது காபனீரொட்சைட்டு, நீராவி, நைதரசன் என மாற்றுகின்றது. ஊக்கி தான் மாறாது பிறவற்றை மாற்றும் என்று இரசாயன ஆசிரியர் வகுப்பிலே சொல்வது இதற்கும் பொருந்தும்.

உருளையில் எரிய வேண்டிய பெற்றோல் இந்தப் பெட்டிக்குள் வந்து எரியுமாயின், அதன் வெப்பம் 1,000 பாகை செல்சியசையும் கடந்து ஏறலாம். தேனடை உருகும், கண்கள் அடைபடும், வெளியேற வழியற்ற வாயு எஞ்சினையே மூச்சுத் திணறச் செய்யும். வண்டியின் அடியிலுள்ள காய்ந்த புல் தீப்பற்றுதலும் உண்டு. பழுதான கொயிலின் விலையோடு ஒப்பிட்டால், ஊக்கிப் பெட்டியின் விலை பன்மடங்கு. ஒரு கொயிலைக் காப்பாற்ற எண்ணி ஒரு வாரம் ஓட்டுபவர், அவ்வாரத்திலேயே பெட்டியை இழந்துவிடக்கூடும்.

இந்நிகழ்ச்சியைக் கணினி எவ்வாறு அறிகின்றது? கிராங்குத் தண்டோடு சுழலும் பற்சக்கரத்தை ஓர் உணரி இடைவிடாது நோக்கியிருக்கின்றது. தீ மூளுந்தோறும் தண்டு சிறிதே விரையும். மூளாத முறை விரைவு குன்றும். சந்தம் தப்பிய சீரைச் செவி கண்டுகொள்வதுபோல, அந்தத் தளர்வைக் கணினி எண்ணிக்கொள்கின்றது. 200 சுற்றுக்களுள் எத்தனை முறை தவறிற்று என்று கணக்கிட்டு, ஊக்கியைக் கெடுக்கும் அளவுக்கு அது மிகுமாயின் விளக்கை மின்னவிடுகின்றது.

விளக்கின் வரலாறு

இவ்விளக்கு சாரதியின் வசதிக்காக மட்டும் தோன்றியதன்று. மனிதர் விடும் மூச்சுக்காகத் தோன்றியது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் நெடுங்காலம் மூடியிருந்தது. மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் கக்கிய வாயுக்கள் வெயிலொளியிலே ஒன்றோடொன்று வினைபுரிந்து அதனை உண்டாக்குகின்றன என்பதை, ஒல்லாந்தில் பிறந்த ஆரி ஹாகன் ஸ்மிற் என்னும் இரசாயன அறிஞர் 1950களின் தொடக்கத்தில் விளக்கினார். கலிபோர்னியா மாநிலத்தின் காற்றுவளச் சபைக்கு 1968இல் முதல் தலைவரானவரும் அவரே. 1975ஆம் ஆண்டு வகைகள் தொடக்கம் அமெரிக்க வண்டிகளில் ஊக்கிப் பெட்டி பெருவழக்காயிற்று.

பெட்டி பொருத்தினாற் போதுமா? அது வேலை செய்கின்றதா என்று யார் பார்ப்பது? வண்டி தன்னைத் தானே சோதிக்க வேண்டும் என்னும் விதி இக்கேள்வியிலிருந்து பிறந்தது. கலிபோர்னியாவில் 1988ஆம் ஆண்டு வகைகளுக்கு முதற்கட்ட விதி வந்தது. 1996 தொடக்கம் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே ஒழுங்கு வந்தது: ஒரே வடிவான 16 முனைச் செருகுவாய், ஒரே வகையான குறியெண்கள். ஐரோப்பாவில் பெற்றோல் வண்டிகளுக்கு 2001 அளவில் அவ்வொழுங்கு பரவியது.

இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஈயம் ஊக்கிக்கு நஞ்சு. ஆகவே அந்நிறுத்தம் இன்றேல் ஊக்கியால் இங்கே பயனில்லை. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியது. வருமான அனுமதிப்பத்திரம் பெற அப்பரிசோதனைச் சான்று வேண்டும் என்பதை வண்டி வைத்திருப்போர் அறிவர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளும் பழைய வண்டிகளையே பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டினோம். பழைய வண்டி பெருகிய நாட்டில் பழுதறியும் முறை ஒழுங்காக இருத்தல் இன்றியமையாதது.

நுகேகொடையில் ஒரு தருக்கம்

நுகேகொடையிலே குடியிருந்து வெள்ளவத்தைப் பக்கத்தில் தமிழ் கற்பிக்கும் எனக்கு, பதினைந்து வயதைக் கடந்த சிறிய யப்பான் கார் ஒன்று துணை. சென்ற மாரியில் ஒருநாள் மஹரகமவிலிருந்து ஹைலெவல் வீதி வழியே திரும்பும்போது, தெல்கந்தவைத் தாண்டியதும் வண்டி நடுங்கிற்று, விளக்கு மின்னிற்று. காலைத் தளர்த்தி, வீதியோரத்தில் ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தினேன். இழுவை வண்டி ஒன்றிலே கராச் ஒன்றுக்கு அனுப்பினேன்.

அங்கிருந்தவர் ஒரு கருவியைச் செருகினார், ஒரு பொத்தானை அழுத்தினார், விளக்கு அணைந்தது. "என்ன எண் வந்தது?" என்று கேட்டேன். "அழித்தாயிற்று, சேர், இனி வராது" என்றார். கூலியும் பெற்றார். மறுநாட் காலை இரண்டு ஒழுங்கை கடக்குமுன் விளக்கு மீண்டும் மின்னிற்று. அவர் இரண்டாம் யோசனை ஒன்று சொன்னார்: ஊக்கிப் பெட்டியைப் பிளந்து தேனடையை எடுத்துவிட்டால் வண்டி சுகமாக ஓடுமாம். மாணவனின் கொப்பியில் ஆசிரியர் இட்ட சிவப்புக் கோட்டை அழிப்பது முதல் வைத்தியம். கொப்பியையே கிழித்தெறிவது இரண்டாம் வைத்தியம். பிழை அப்படியே இருக்கும். அவருக்கு வணக்கம் சொல்லி வண்டியை மீட்டுக்கொண்டேன்.

புகையிரதப் பாதைக்கு அண்மையில், ஓர் ஒழுங்கையின் கோடியில், தகரக் கூரையின் கீழே வேலை செய்யும் இளைஞர் ஒருவரிடம் நண்பரொருவர் ஆற்றுப்படுத்தினார். முப்பது வயதிருக்கும். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார்.

"அழிச்சிட்டாங்களாங்க ஐயா? அப்ப திரும்ப வரட்டும். வந்தாத்தானே யாருன்னு கேக்கலாம்."

எஞ்சினை இயக்கிக் காத்திருந்தார். சிறிது நேரத்தில் எண் வந்தது: பி 0302. இலக்கணம் படித்தவருக்கு இவ்வெண் அந்நியமானதன்று. பகுபதத்தைப் பிரிப்பதுபோல இதனையும் பிரிக்கலாம். 'பி' என்பது எஞ்சினும் அதன் இயக்கமும் ஆகிய பகுதி. அடுத்துள்ள 0, எல்லா உற்பத்தியாளருக்கும் பொதுவான எண் என்பதைக் காட்டும். 3, பொறியும் தீ தவறுதலும் பற்றியது. ஈற்றிலுள்ள 02, இரண்டாம் உருளை. ஈறு 00 ஆயின், தவறு ஓர் உருளையில் நில்லாது பலவற்றில் மாறிமாறி நிகழ்கின்றது எனக் கொள்க. யப்பானின் உள்நாட்டு விற்பனைக்கென்றே செய்யப்பட்ட பழைய வண்டிகள் சில இவ்வொழுங்கை முழுதும் தழுவுவதில்லை என்பதும் அறியத்தக்கது.

"காரணம் கொயில்தானா, தம்பி?" என்று கேட்டேன்.

"ரெண்டாம் வீட்டுல வெளக்கு எரியலன்னுதாங்க இது சொல்லுது. பல்பு போயிருச்சா, கரண்டு போயிருச்சா, வீட்டுல ஆளே இல்லையான்னு சொல்லல."

இதனினும் தெளிவாக ஓர் அளவை நூலாசிரியர் சொல்லியிருப்பாரோ என்பது ஐயம். மலையிலே புகை கண்டு தீயுண்டென்று துணிதல் தருக்கசங்கிரகம் படிப்போருக்கு முதற்பாடம். புகையுள்ள இடமெல்லாம் தீயுண்டு; ஆகவே அத்துணிவு நிற்கும். தீயுள்ள இடமெல்லாம் புகையுண்டோ? இல்லை; பழுக்கக் காய்ச்சிய இரும்பிலே தீயுண்டு, புகையில்லை. இரண்டாம் உருளையில் தீ தவறிற்று என்றால் அதற்குக் கொயில் காரணமாகலாம்; பிளக் காரணமாகலாம்; பெற்றோல் தூவும் இன்ஜெக்ரர் அடைபட்டிருக்கலாம்; வால்வு சரிவர மூடாமல் நெருக்கம் குன்றியிருக்கலாம். எண்ணைக் கண்டவுடன் கொயில் வாங்கப் புறப்படுதல், புகையைக் காணாமலே இன்ன விறகுதான் எரிகின்றது என்று சாதிப்பதை ஒக்கும்.

இளைஞர் செய்த பரீட்சை எளிது, காசு செலவில்லாதது. எஞ்சினை நிறுத்தி, இரண்டாம் உருளையின் கொயிலைக் கழற்றி மூன்றாம் உருளைக்கு வைத்தார். மூன்றாம் உருளையின் கொயிலை இரண்டாவதற்கு வைத்தார். வேறெதனையும் தொடவில்லை. மீண்டும் இயக்கினார். எண் பி 0303 ஆயிற்று. குற்றம் கொயிலோடு கூடவே இடம் மாறிற்று. அது உள்ளவிடத்துக் குற்றம் உண்டு. அது நீங்கியவிடத்துக் குற்றம் இல்லை. உடன்பாடும் எதிர்மறையும் ஆகிய இரண்டும் ஒருங்கே வாய்த்தன. எண் மாறாது 02 ஆகவே நின்றிருந்தால், கொயில் குற்றமற்றதெனக் கொண்டு பிளக்கை அவ்வாறே இடம் மாற்றியிருப்பார்; பின்னர் இன்ஜெக்ரர்; இறுதியில் உருளையின் நெருக்கத்தை அளந்திருப்பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதலே இதன் உயிர்நிலை. இரண்டை ஒருங்கே மாற்றினால், குணமானாலும் எதனாற் குணமானது என்பது விளங்காது.

கொயில் என்று கண்டபின்னும் அவர் நிற்கவில்லை. கைவிளக்கை எடுத்து, அக்கொயில் இருந்த குழியினுள் ஒளி பாய்ச்சினார். அடியிலே எண்ணெய் தேங்கியிருந்தது. எஞ்சினின் மேல்மூடிக்குக் கீழே உள்ள இறப்பர்க் கேஸ்கற் வயதினால் இறுகி வெடித்து, எண்ணெயைக் குழிக்குள் கசியவிட்டிருந்தது. அவ்வெண்ணெய் ஊறிக் கொயிலின் இறப்பர் உறை கெட்டு, மின் பிளக்கை அடையாமல் வழியிலேயே சிதறிற்று. தீ தவறியதற்குக் காரணம் கொயில். கொயில் கெட்டதற்குக் காரணம் கேஸ்கற்.

"கொயில மட்டும் மாத்தினா நாளைக்கே ஓடும் ஐயா. ஆனா கொஞ்ச நாள்ல திரும்ப என்னைத் தேடி வருவீங்க."

மறுநாள் பஞ்சிகாவத்தையிலிருந்து கொயிலும் கேஸ்கற்றும் நான்கு பிளக்குகளும் வந்தன. குழியைத் துடைத்து எல்லாவற்றையும் பூட்டிய பின்னரே அவர் பழைய எண்ணை அழித்தார். அழித்தல் தவறன்று, காரணம் நீங்கிய பின் அழித்தல் முறை. பின்பு கருவியைச் செருகியபடியே ஒரு சுற்று ஓட்டி, தீ தவறிய கணக்கு எல்லா உருளைக்கும் சுழியாக நிற்பதைக் காட்டினார். எண்ணை அழித்தால் கணினி தன் சுயபரிசோதனைகளையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியிருக்கும் என்றும், சில நாள் ஓடியபின் ஊக்கியைப் பற்றிய எண் வருகின்றதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பார்த்தோம், வரவில்லை. பெட்டி தப்பிற்று.

நான் அங்கே காத்திருந்தபோது சிறிய பெற்றோல் வான் ஒன்று வந்தது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவது. சாரதி சிங்களத்திலே பேசினார். விளக்கு மின்னுவது பார்வைக்கு இடையூறாக இருந்தமையால் அதன்மேல் கறுப்பு நாடா ஒட்டியிருந்தார். பிற்பகல் இரண்டு மணிக்குள் பிள்ளைகளை ஏற்றவேண்டும். ஒரு நாள் நின்றால் அந்த நாட் சம்பாத்தியம் போய்விடும். விளக்கை மட்டும் அணைத்துத் தந்தாற் போதும் என்றார். அவர் தீயவரல்லர். வாகனக் கடன் கழுத்தை நெரிக்கும் மனிதர். ஆனால் அந்த வானுக்குள் எரியாத பெற்றோலின் நாற்றம் எனக்கே வீசிற்று. பன்னிரண்டு பிள்ளைகள் நாள்தோறும் அதனைச் சுவாசிக்கின்றனர்.

இளைஞர் அணைத்துக் கொடுக்கவில்லை; ஏசவும் இல்லை. என் வேலையை ஒதுக்கி வைக்க என்னிடம் அனுமதி கேட்டார். ஒரு பிளக் வெடித்திருந்ததைக் கண்டு மாற்றினார். ஒன்றேகால் மணிக்கு வான் புறப்பட்டது. கறுப்பு நாடாவைச் சாரதியே உரித்தெடுத்தார்.

செய்யத்தக்கன

விளக்கு மின்னுமாயின், காலைத் தளர்த்துக, ஏற்றத்தில் இழுக்காதே, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துக. காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதே. இரண்டு முறை மின்னி, பின்பு நின்றெரிந்தாலும் நோய் தீர்ந்ததென்று கொள்ளாதே. கராச்சுக்குச் சென்றால், எண்ணை அழிப்பதற்கு முன் எழுதித் தருமாறு கேள். 'இதுவே காரணம் என்று எப்படித் தெரிந்தது?' என்று ஒரு கேள்வி கேள். நல்ல தொழிலாளி அக்கேள்விக்கு மகிழ்வான். எண்ணெய் அமுக்கத்தையும் எஞ்சின் வெப்பத்தையும் காட்டும் சிவப்பு விளக்குகள் வேறு. அவை எரிந்தால் நிறுத்தக்கூடிய முதல் இடத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுக.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அளவை நூலை ஏட்டிலே கற்பிக்கின்றோம். மலை, புகை, அடுக்களை என்னும் மூன்றோடு நின்றுவிடுகின்றோம். பாடசாலைக்கு அருகிலே கராச் இல்லாத ஊர் இன்று இல்லை. மேல்வகுப்பு மாணவரை ஒருநாள் அங்கே அழைத்துச் சென்று, கொயிலை இடம் மாற்றிப் பழுதைக் கண்டுபிடிக்கும் முறையைக் காட்டலாம். ஏதுவும் எடுத்துக்காட்டும் அவர்கள் கையிலே எண்ணெயோடு ஒட்டும். அந்த வேலையைச் செய்யும் இளைஞரும், தாம் செய்வது நூலோர் வகுத்த ஆராய்ச்சியே என்பதை அறிந்து மகிழ்வர். இரு சாராரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வார்களாக.